வெறும் வயிற்றில் பார்த்த வீடுகள்

ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டி, "கையை நல்லா மூடிக்கங்க சார்" என்று சொல்லி, ஊசியை நரம்பில் ஏற்றிய பிறகு தனத்தின் கண் ஜன்னலுக்குப் போய்விடும். ரத்தம் குழாயில் ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவள் அறையை முழுசாகப் பார்த்து முடித்துவிடுவாள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மின்விசிறி கட்டிலுக்கு நேராக மாட்டியிருக்கிறதா, குளியலறைக் கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா எல்லாம் பார்த்தாகிவிடும். பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிங்க, தேய்க்காதீங்க" என்று சொல்லும்போதே கேள்வி தயாராக இருக்கும்.

"சார், இந்த ரூம்ல சாயங்கால வெயில் விழுமா?"

சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்குமோ என்ற கவலையில் இருக்கும் மனிதர், "வெயிலா?" என்று முழிப்பார். பிறகு யோசித்து, "விழும்மா. ராத்திரி வரைக்கும் சுவரு கொதிக்கும்" என்பார். தனம் தலையை ஆட்டிக்கொண்டே குழாயில் அவர் பெயரை எழுதி ஒட்டுவாள்.

தாம்பரத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. கூடத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவது அவள் பொறுப்பு. விடிவதற்கு முன்னால் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு கிளம்பினால் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், வேங்கைவாசல் என்று சுற்றி, சில நாள் கோவிலம்பாக்கம் வரைக்கும் போவாள். போகிற இடத்தில் எல்லாரும் எதுவும் சாப்பிடாமல் காத்திருப்பார்கள். வெறும் வயிற்றோடு இருப்பவர்கள் தங்கள் வீட்டைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவளாகக் கண்டுபிடித்தது. மாலையில் விருந்தாளியாகப் போனால் "நல்ல காத்தோட்டமான வீடுங்க" என்பார்கள். காலையில், காபி இறங்காத தொண்டையோடு உட்கார்ந்திருக்கும் அதே ஆள், "அதை ஏன் கேக்கறீங்க, பகல்லயே லைட்டைப் போட்டாத்தான் கிச்சன்ல உப்பு எது சர்க்கரை எதுன்னு தெரியும்" என்று கொட்டிவிடுவார்.

மாடம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி ஒரு மனை, மகள் ஓவியா பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் வாங்கியது. ஓவியா கல்லூரிக்கே போய்விட்டாள். மனையில் கருவேலம் முளைப்பதும், அதை வெட்டுவதும், மறுபடி முளைப்பதுமாகக் காலம் போனது. இந்த வருஷம்தான் வங்கிக் கடன் கையெழுத்தாகி, கட்டுவது என்று முடிவானது. முடிவான நாளிலிருந்து தனத்தின் பையில் ஊசி, பஞ்சு, குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு இன்ச் டேப்பும் குடியேறிவிட்டது.

ஒருநாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அம்மாள், ஊசி வரும் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தவர், பையிலிருந்து இன்ச் டேப் வருவதைப் பார்த்து "எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று பதறிப் போனார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்க சமையல் மேடை உசரம் ரொம்ப நல்லா இருக்கு, அதான்" என்றாள் தனம். அந்த அம்மாளுக்கு அன்றிலிருந்து தாங்க முடியாத பெருமை. இப்போதெல்லாம் தனம் போனால் கையை நீட்டுவதற்கு முன்னால், "இந்த அலமாரிய அளந்துட்டியாம்மா? இதுவும் எங்க வீட்டுக்காரர் சொல்லிச் செஞ்சதுதான்" என்று அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

கைப்பேசியில் தனம் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் அழகே தனி. 'வழுக்கற பாத்ரூம் கேஷவ்'. 'பெல் எட்டாது, வேங்கைவாசல்'. 'ஸ்ம்ருதி, சூப்பர் ஜன்னல்'. கணவர் அரிகிருஷ்ணன் ஒருமுறை எதையோ தேடப்போய் இதைப் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் உன்னைப் பத்தி என்னன்னு போட்டு வெச்சிருப்பாங்க?" என்று கேட்டார். "வலிக்காம குத்தற அக்கான்னு போட்டிருப்பாங்க" என்றாள். அது உண்மைதான். ஊசி ஏறியதே தெரியவில்லை என்று அவளையே அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள்.

அரிகிருஷ்ணன் மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டர். அதிகம் பேசாத மனிதர். வீடு விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆசை, வண்டியை மழையில் நனையாமல் நிறுத்த ஓர் இடம். மற்றதெல்லாம் தனத்தின் இலாகா.

அவளுடைய ஆசைகளில் தலையானது, வீட்டில் படியே இருக்கக் கூடாது என்பது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர்கள் இருந்ததெல்லாம் மாடிப் போர்ஷன். வீட்டுக்காரர்கள் கீழே இருந்துகொண்டு, குடித்தனக்காரர்களுக்கென்று வெளிப்பக்கமாக ஏணி போலச் செங்குத்தாக ஒரு படியைக் கட்டி விட்டிருப்பார்கள். தண்ணீர்க் குடத்தோடு ஏறியே அவளுடைய முழங்கால் இந்த வயதிலேயே பேச ஆரம்பித்துவிட்டது. போதாததற்கு, போகிற வீடுகளில் பார்ப்பது வேறு. சேலையூரில் ஸ்ரீநிவாசராகவன் என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கால் தளர்ந்த பிறகு அவர் கீழே இறங்கியதே இல்லை. தனம் போகும்போதெல்லாம் அவளிடம் ஊர் நிலவரம் கேட்பார்.

"கீழ முக்குல என்னமோ கட்டிண்டிருந்தாளே, என்ன வந்துதும்மா?"

"பிரியாணிக் கடை சார்."

"அதான் வாசனை வரது. கூட்டம் வரதா?"

"அள்ளுது சார்."

அவர் திருப்தியாகக் கையை நீட்டுவார். தனத்துக்கு அந்த வீட்டை விட்டு இறங்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு வைராக்கியம் வரும். தரையோடு தரையாக ஒரு வீடு, வாசலில் இடறுவதற்கு ஒரு நிலைப்படி கூட வேண்டாம். கிழவியானாலும் தானே நடந்து போய் பிரியாணிக் கடையைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்ஜினியர் ஜெபகுமார் அவள் சொன்னபடியே வரைந்து கொடுத்தார். இளைஞர், பொறுமைசாலி. எல்லாவற்றுக்கும் "பண்ணிடலாம் மேடம்" என்பார். ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார். "ரோடு ஒவ்வொரு தடவை போடறப்பவும் ஏறிக்கிட்டே இருக்கு மேடம். மனை பள்ளத்துல இருக்கு. மண்ணடிச்சு நல்லா மேல ஏத்திட்டுத்தான் கட்டணும். இல்லன்னா மழைக்கு வீட்டுக்குள்ள மீன் பிடிக்கலாம்." அந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் ஏற்றியிருந்தார்கள். எதிர் வீடு ஏற்றியதைப் பார்த்து இந்த வீடு, இதைப் பார்த்து அடுத்த வீடு. தனமும் சரி என்றாள். மழை விட்டதும் லாரிக்குச் சொல்லிவிடுவது என்று பேச்சு.

தெருவில் ஏற்றாத வீடு ஒன்றே ஒன்றுதான். அவர்கள் மனைக்கு ஒட்டின வீடு, பொன்னுரங்கத்தினுடையது. அந்தப் பக்கமெல்லாம் நெல் விளைந்த காலத்தில் அவருடைய அப்பா கட்டியது. தெரு வளர்ந்து வளர்ந்து, இப்போது சாலையிலிருந்து அந்த வீட்டுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். பொன்னுரங்கம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருக்கிறார். மனைவி பொன்னியம்மாள்தான் எல்லாம். மாதாமாதம் அவருக்குச் சர்க்கரையும் உப்பும் பார்க்க ரத்தம் எடுப்பது தனம்தான். அந்த வீட்டில் மட்டும் அவள் எதையும் அளந்ததில்லை. அளக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

கார்த்திகையில் ஒரு புயல் கடலிலேயே நின்றுகொண்டு நாள் கணக்கில் மழையைக் கொட்டியது. அப்படி ஒரு காலையில்தான் பொன்னுரங்கத்துக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. தனம் ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்து போனாள். உள்ளே கட்டிலின் நான்கு கால்களும் செங்கல் அடுக்கின் மேல் நின்றன. சுவரில் எந்த வருஷத்து வெள்ளமோ பழுப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. வாசலில் மணல் மூட்டை. மூட்டைக்கு அந்தப் பக்கம் தண்ணீர், இரண்டு விரல் அகலம் ஏறினால் உள்ளே வந்துவிடும்.

ரத்தம் எடுத்து முடித்ததும் பொன்னியம்மாள் கறுப்புக் காபி கொடுத்தாள். பால்காரர் வரவில்லை.

"இந்த மட்டும் தப்பிச்சோம்மா" என்றாள். "உன் மனை காலியா கீதே, தண்ணியெல்லாம் அங்க போய்க் குந்திக்குது. அத்தால வூட்டுக்குள்ள வர்ல."

தனம் வாசலில் நின்று பார்த்தாள். சாலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் பொன்னியம்மாள் வாசலைத் தொட்டுத் திரும்பி, அவளுடைய மனைக்குள் போய் அகலமாக, அமைதியாகப் படுத்திருந்தது. கருவேலஞ் செடிகளின் தலை மட்டும் தெரிந்தது.

"மண்ணு எப்போம்மா அடிக்கிறீங்க?" என்று பொன்னியம்மாள் கேட்டாள்.

"மழை விட்டதும்மா."

"அடிக்கறதுக்கு மின்னாடி ஒரு வார்த்த சொல்லிடு. அடுத்த மழைக்கு இவர இங்க வெச்சிக்கினு இருந்தா பேஜாராப் பூடும். கேளம்பாக்கத்துல எம் பொண்ணு கீறா. ஆட்டோ வெச்சித் தூக்கினு போயி அங்க வுட்டுடுவேன்."

அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றாள்.

அன்று தனம் மற்ற வீடுகளில் ஜன்னலைப் பார்க்கவில்லை. 'வழுக்கற பாத்ரூம்' கேஷவ்கூட, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

வீட்டில் சொன்னபோது அரிகிருஷ்ணன் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"நாம ஏத்தலன்னா நம்ம வீட்டுக்குள்ள வரும். அவங்களுக்காக நாம நனையணுமா?"

"நனையணும்னு யார் சொன்னாங்க?"

"அப்புறம்? தெருவே ஏத்தியிருக்கு, தனம். நாம ஒருத்தர் ஏத்தாததால என்ன ஆகிடப் போகுது?"

"அவங்க வீட்டுக்குத் தண்ணி வராம இருக்கு. அதான் ஆகுது."

அவர் அடுத்த காலுறையை எடுத்துப் பிழிந்தார்.  தனம் ஜெபகுமாருக்குப் போன் செய்து வேறு வழி உண்டா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு வழி இருக்கு மேடம். ஆனா உங்களுக்குப் பிடிக்காது" என்றார். மண்ணே அடிக்காமல், மனையை இருக்கிற மட்டத்தில் விட்டுவிட்டு, தூண்களை எழுப்பி அதன் மேல் வீட்டைக் கட்டலாம். கீழே வண்டி நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீர் வந்தால் தூண்களுக்கு நடுவே நின்றுவிட்டு வடிந்து போகும். தூணுக்கே நிறையப் பணம் இழுத்துவிடும் என்பதால் மேலே ஓர் அறை குறையும்.

"அப்ப வீடு மாடியில."

"ஆமா மேடம். படி ஏறித்தான் போகணும்."

தனம் போனை வைத்தாள். படியில்லாத வீடு என்பது ஒரு முழு ஆயுளுக்குச் சேர்த்து வைத்திருந்த ஆசை. அன்றைக்கென்று முழங்கால் வேறு வலித்தது.

மழை விட்டது. லாரிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிடுவதற்குள் பொன்னியம்மாளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். தனத்துக்குப் போக மனசு வரவில்லை. "நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று அரிகிருஷ்ணன் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனவர், இட்லி ஆறிப் போன பிறகு திரும்பி வந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த மனுஷன் என்னைப் பார்த்ததும் எழுந்து உக்காரப் பார்த்தாரு. முடியல. அந்தம்மா தூக்கி உக்கார வெச்சாங்க. 'வூடு கட்றாங்களாம்'னு அவர் காதுல சொன்னாங்க. அவருக்கு வாய் கோணிக்கிட்டு வார்த்தை சரியா வரல. ஆனா சொன்னாரு, 'நல்லா... கட்டு'ன்னு. நல்லா இருக்கற கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் மண்ணடிக்கறதை எப்படிச் சொல்றது?"

தனம் இட்லியைத் தட்டில் வைத்தாள்.

"தூண் மேல கட்டினா உனக்கு முட்டி வலிக்குமே" என்றார்.

"இப்ப இருக்கற படியை விடவா?" என்றாள்.

லாரிக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னது அரிகிருஷ்ணன்தான்.

தனம் ஒன்றில் இறங்கினால் அரைகுறையாக இறங்க மாட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அன்றிலிருந்து படிக்கட்டுக்கு மாறியது. எந்த வீட்டுக்குப் போனாலும் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்ப்பாள். ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம், பாதம் முழுசாகப் பதிகிறதா, கைப்பிடி வழவழவென்று இருக்கிறதா, திருப்பத்தில் வெளிச்சம் உண்டா என்று பார்ப்பாள். தனி வீட்டுக்காரர்கள், "மாடியில யாருக்கும் டெஸ்ட் இல்லையேம்மா" என்பார்கள். "சும்மா ஏறிப் பார்க்கறேன் சார்" என்பாள். ஓவியா மட்டும், "அம்மா, யாராவது போலீஸ்ல சொல்லிடப் போறாங்க" என்று பயந்தாள்.

ஒருநாள் ஸ்ரீநிவாசராகவனிடம் நேராகவே கேட்டாள். "சார், எப்படிப் படி இருந்திருந்தா நீங்க கீழ இறங்கியிருப்பீங்க?"

அவர் சிரித்தார். பிறகு பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கண்ணை மூடி நிஜமாகவே யோசித்தார். "படி தாழ்வா இருக்கணும். அதை விட, நடுவுல எங்கயாவது உக்கார ஒரு இடம் இருக்கணும்மா. எனக்கு இறங்கறதுக்குப் பயம் இல்ல. பாதியில மூச்சு வாங்கினா, போறவா வரவா முன்னாடி நின்னுண்டே இருக்கணுமேன்னுதான் கூச்சம். உக்காந்துட்டா, ஏதோ பேப்பர் படிக்கறான்னு நெனச்சுப்பா."

தனம் அதை அப்படியே ஜெபகுமாரிடம் போய்ச் சொன்னாள். படி அகலமாக வேண்டும், உயரம் குறைவாக வேண்டும், திருப்பத்தில் இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு ஒரு கல் மேடை வேண்டும். "அகலப் படி நிறைய இடத்தைத் தின்னும் மேடம். ஹால் சின்னதாகும்." "ஆகட்டும் தம்பி. ஹால்ல என்ன, டிவிதான பார்க்கப் போறோம்." பொன்னுரங்கம் வீட்டுப் பக்கத்து மதில் சுவரின் அடியில் தண்ணீர் புகுந்து போக ஓட்டைகள் விடவும் சொன்னாள். ஜெபகுமார் வழக்கம்போல, "பண்ணிடலாம் மேடம்" என்றார். இந்த முறை கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னது போலிருந்தது.

தை பிறந்ததும் ஒரு நல்ல நாளில் பூமி பூஜை நடந்தது. பூஜை முடிந்து ஐயர் கிளம்பிய பிறகு, ஆட்கள் கயிறு பிடித்து, தூண்கள் வருகிற இடங்களில் வெள்ளைச் சுண்ணாம்புத் தூளால் சதுரங்கள் போட்டார்கள். தனம் விடவில்லை.

"படிக்கட்டையும் போட்டுக் காட்டுங்க."

"படி கடைசியிலதான் வரும் மேடம். இப்ப போட்டா நாளைக்கே அழிஞ்சிடும்."

"பரவால்ல. ஒரு தடவ பார்த்துக்கறேன்."

ஜெபகுமார் சிரித்துக்கொண்டே தானே தூளை வாங்கி, ஒவ்வொரு படியையும் கோடு கோடாக இழுத்தார். நடுவில் திருப்பம், அதில் ஒரு சின்னக் கட்டம். பொன்னியம்மாள் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வேலி ஓரம் நின்று பார்த்தாள்.

"இன்னாம்மா இது, தாயக்கட்டம் மாரி?"

"எங்க வீட்டு மாடிப்படிம்மா."

"மாடிப்படியா? நீதான் மாடியே ஆவாதுன்னு சொல்லிக்கினு இருந்தியே."

"இது அகலமா வருதும்மா. நடுவுல உக்காந்துக்கலாம்" என்றாள் தனம். மண்ணடிப்பு இல்லை என்பதை அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள்.  சொன்ன மறுநாள் பொன்னியம்மாள் வாழைப்பூவும் முருங்கைக் கீரையும் ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினாள். அவ்வளவுதான்.

தனம் புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு முதல் கோட்டுக்குள் கால் வைத்தாள். பாதம் முழுசாகப் பதிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. திருப்பத்தில் கட்டத்துக்குள் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். வானத்தில் விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. அரிகிருஷ்ணன் தூண் சதுரங்களுக்கு நடுவே வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி சற்று நகர்த்தி நிறுத்தினார். தனம் மிச்சப் படிகளிலும் ஏறி மேலே போய் நின்றாள். மேலே என்பது அதே மண்தான். ஆனாலும் அவளுக்கு மூச்சு லேசாக வாங்கியது.

கைப்பேசி அடித்தது. கூடத்திலிருந்து அழைப்பு. கோவிலம்பாக்கத்தில் ஒரு பெரியவர் சாப்பிடாமல் காத்திருக்கிறார், வேறு யாரும் இல்லை, உடனே போக முடியுமா என்று கேட்டார்கள்.

"இதோ கிளம்பிட்டேன்" என்றாள் தனம்.

அவளுடைய ஸ்கூட்டர் எதிரிலேயே நின்றது. கோடுகளைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். அரிகிருஷ்ணன் பையை எடுத்து நீட்டிக்கொண்டு, "அப்படியே குறுக்கால வா, லேட்டாகுது" என்றார்.

தனம் குறுக்கே வரவில்லை. உடம்பைத் திருப்பி, மேல்படியிலிருந்து ஒவ்வொரு கோடாகக் கால் வைத்து, திருப்பத்தில் திரும்பி, இல்லாத கைப்பிடியின் மேல் இடது கையை நகர்த்திக்கொண்டே நிதானமாக இறங்கி வந்தாள்.